கப்பல் போன துறை

தேம்ஸ் நதி லண்டன் நகரைத் தாண்டிக் கடலை நோக்கிச் செல்லும் வழியில், லாடம் போல் ஒரு வளைவு வளைந்து, நாய்த்தீவு என்று பொருள்படும் விசித்திரப் பெயரையுடைய ஒரு தாழ்நிலத்தை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டு செல்கிறது. தை மாதத்துக் காலை வேளைகளில், கீழைக்காற்று முகத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கரையோரங்களில் சிலர் கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்ற மனமில்லாமலும் கழற்றாமல் எழுத முடியாமலும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தோடு நிற்பதைக் காணலாம். அவர்கள் எதிரே இருப்பது ஏரியுமல்ல, வனமுமல்ல; கருங்கல்லாலும் செங்கல்லாலும் கரைகட்டிய ஒரு சதுரக் குளம், ஓரத்தில் துருவேறிய பாரந்தூக்கி ஒன்று, அதற்குமேல் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி மாளிகைகள். பின்லாந்துக் காட்டில் மரப்பொந்தில் பிறந்த ஒரு வெள்ளைத் தாரா இன்றைக்கு இங்கே வந்து இறங்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. வராமலும் இருக்கலாம், பெரும்பாலும் வருவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது பறவைகளின் சரித்திரம் மட்டுமல்ல. மதில்களின் சரித்திரம், மரவியாபாரத்தின் சரித்திரம், நெருப்பின் சரித்திரம், சற்று முகஞ்சுளித்துச் சொல்லவேண்டுமானால் சாக்கடையின் சரித்திரமும் கூட.

கடற்கரையிலே துறைமுகம் கண்டு பழகிய நமக்கு, நதிக்கரையில் குளம் வெட்டிக் கப்பலை அதற்குள் பூட்டிவைக்கும் ஏற்பாடு ஆரம்பத்தில் வேடிக்கையாகத் தோன்றலாம். லண்டன் பாலத்தருகே ஓதம் ஏறி இறங்குவதில் நீர்மட்டம் ஏறக்குறைய 20 அடி மாறுகிறது. காலையில் மிதந்த கப்பல் மத்தியானத்தில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆகையால் கரைக்கு உட்புறம் ஆழமாகக் குளம் வெட்டி, வாயிலில் மடைக்கதவு போட்டு, ஓதம் உயர்ந்திருக்கும் சமயத்தில் கப்பலை உள்ளே வாங்கி, கதவை அடைத்து நீரைத் தேக்கிவிடுவார்கள். டாக் என்று அவர்கள் சொல்லும் இதைக் கப்பற்குளம் என்று சொல்வோம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் நதியின் தென்கரையில் ராதர்ஹைத் என்னும் ஊரில் முதலில் ஒன்றை வெட்டினார்கள். 120 கப்பல்கள் நிற்கக்கூடிய அந்தக் குளத்தைச் சுற்றிக் காற்றைத் தடுப்பதற்காக மரவரிசை வைத்திருந்தார்கள் என்பதால், பறவைகளுக்கும் அங்கே ஓரளவு இடமிருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். பின்னர் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து கொழுப்பைக் காய்ச்சத் தொடங்கியதும் அதற்கு கிரீன்லாந்துக் குளம் என்ற பெயர் ஏற்பட்டது. அந்த நாற்றத்தில் பறவை பார்க்கப் போனவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெரிய வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சர்க்கரையும் ரம் என்னும் மதுவும் நதியில் நின்ற கப்பல்களிலேயே களவு போய்க்கொண்டிருந்ததைப் பொறுக்கமாட்டாத வர்த்தகர்கள், நாய்த்தீவின் கழுத்தை அறுத்தாற்போல் குளங்களை வெட்டி 1802-இல் திறந்தார்கள். 1805-இல் வாப்பிங்கில் லண்டன் குளம். 1806-இல் பிளாக்வாலில் கிழக்கிந்தியக் குளம். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த கம்பெனிக் கப்பல்களின் மிளகும் தேயிலையும் துணியும் அங்கேதான் இறங்கின. 21 ஆண்டுகளுக்கு அந்த வியாபாரம் முழுவதும் அதற்கே உரியது என்று சட்டமே செய்திருந்தார்கள். 1828-இல் திறந்த செயின்ட் காதரீன் குளத்துக்காக 11,000-க்கு மேற்பட்ட ஏழைகளை வீடிழக்கச் செய்தார்கள். அதற்கப்பால் கிழக்கே ராயல் என்று பெயர்கொண்ட மூன்று பெருங்குளங்கள் 1855-இலும் 1880-இலும் 1921-இலும் வரிசையாகத் தோன்றின. தென்கரையில் கிரீன்லாந்துக் குளத்தைச் சுற்றி மரக்குளங்கள் பெருகின. அவற்றுக்கு நார்வே, ரஷ்யா, கனடா, குவிபெக் என்று பலகை வந்த சீமைகளின் பெயர்களையே வைத்தார்கள்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது குளமல்ல, மதில். மேற்கிந்தியக் குளங்களைச் சுற்றி 20 அடி உயரத்துக்குச் செங்கல் மதில் எழுப்பி, அதற்கு வெளியே அகழியும் வெட்டி, வாயில்தோறும் காவல் வைத்தார்கள். திருடனைத் தடுக்கக் கட்டிய சுவர் பறவை பார்ப்பவனையும் தடுத்துவிட்டது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் அந்த நீர்ப்பரப்புகளில் எத்தனை தாராக்கள் இறங்கின, புயலில் அடிபட்டு வந்த நீர்க்காகங்கள் எத்தனை ஒதுங்கின என்பதற்கு ஏறத்தாழ எழுத்துமூலமான சாட்சியமே இல்லை. மூட்டை சுமந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே இன்னின்ன பறவை இன்ன ஆண்டில்தான் லண்டன் துறைகளுக்கு வரத் தொடங்கியது என்று புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம், வந்தது பறவையா, அல்லது அதைப் பார்க்கத்தக்க ஒரு மனிதனா என்ற சந்தேகம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

மதில் இல்லாத இடம் நதியின் பாலங்கள். குளிர்காலப் பறவைகளைப் பற்றிய லண்டன்வாசிகளின் முதல் அனுபவம் அங்கேதான் நிகழ்ந்தது. இன்று அந்நகரத்துப் பூங்காக்களில் காக்கையைப் போலச் சர்வசாதாரணமாகத் திரியும் கருந்தலைக் கடற்காகம், 1880-க்கு முன் நகரின் நடுவே அபூர்வமாகவே காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபதாண்டுகளில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிர்கள் அதை முகத்துவாரத்திலிருந்து நதிவழியே மேலே தள்ளின. வந்த விருந்தாளிக்கு ஆரம்பத்தில் கிடைத்த உபசாரம் துப்பாக்கிக் குண்டுதான். பாலத்தின்மேல் நின்றுகொண்டு பறக்கும் கடற்காகத்தைச் சுடுவது சிலருக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1892-93 குளிர்காலத்தையொட்டி நகரத்து நீதிபதிகள் அதைத் தடைசெய்தார்கள். துப்பாக்கி போன இடத்துக்கு ரொட்டி வந்தது. 1898-இல் லண்டன் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதிய டபிள்யூ. எச். ஹட்சன் (அர்ஜென்டினாவின் புல்வெளியில் பிறந்து வளர்ந்து லண்டனில் ஏழ்மையோடு காலந்தள்ளியவர்) இந்த மாறுதலைக் கண்ணாரக் கண்டு எழுதியிருக்கிறார்: மத்தியான உணவு வேளை வந்ததும் தொழிலாளிகளும் வேலைச் சிறுவர்களும் நூற்றுக்கணக்கில் பாலங்களுக்கும் கரைச்சுவர்களுக்கும் வந்து, தாங்கள் உண்டு மிஞ்சியதைப் பறவைகளுக்கு எறிந்தார்களாம். அவர்களுக்கு மிஞ்சும்படி அதிகம் இருந்திருக்காது. ஆனாலும் எறிந்தார்கள். பறவைகளைக் காக்கவேண்டும் என்று சீமாட்டிகள் சங்கம் கூட்டித் தீர்மானம் போட்டதை நன்கு பதிவுசெய்திருக்கும் அந்நாட்டுச் சரித்திரக்காரர்கள், இந்தச் சோற்றுவேளைத் தர்மத்துக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையத்தைப் பூட்டிவிடும் வழக்கம் பிரிட்டனில் 1909-இல் முறையாகத் தொடங்கியபின், இந்தக் கடற்காகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது மெல்ல மெல்லத் துலங்கிற்று. அவற்றுள் மிகப் பல பால்டிக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் குஞ்சு பொரித்தவை. தென்கரை மரக்குளங்களில் வந்திறங்கிய பலகையும் பெரும்பாலும் அதே கடலின் கரைகளிலிருந்து வந்ததுதான். அங்கே பனி உறைந்து துறைகள் மூடுமுன் கடைசிக் கப்பல்கள் பலகையோடு புறப்படும். ஏறக்குறைய அதே பருவத்தில் அதே பனிக்கு அஞ்சிப் பறவைகளும் புறப்படும். தோளில் தோலும் தலையில் தோல்தொப்பியுமாய், மலைபோல் அடுக்கிய பலகைகளின்மேல் ஏறி இறங்கிய சுமையாளிகளின் தலைக்குமேல் வட்டமிட்ட கடற்காகம் அவர்கள் சுமந்த மரத்தின் ஊர்க்காரன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பார்ப்பவர்கள் ஒரு கூட்டமாகத் திரண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். 1858-இல் வேரூன்றிய லண்டன் இயற்கைச் சரித்திர சங்கம், செயின்ட் பால் தேவாலயத்தை மையமாக வைத்து 20 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தென்படும் ஜீவராசிகள் அனைத்தையும் தன் கணக்குப் புத்தகத்துக்கு உரியனவாக ஆக்கிக்கொண்டது. 1936-ஆம் ஆண்டு முதல் பறவைகளுக்கென்றே தனியாக ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. அதற்குக் குறிப்பு அனுப்புபவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகளல்லர். ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிய சாதாரண உத்தியோகஸ்தர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள். அந்த ஜாதியைச் சேர்ந்த மாக்ஸ் நிக்கல்சன் என்பவர் 1925-இல் கென்ஸிங்டன் பூங்காவிலுள்ள சிட்டுக்குருவிகளை எண்ணி 2,603 என்று எழுதிவைத்தார். 75 ஆண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டில், தம் 96-ஆம் வயதில், அதே பூங்காவில் மறுபடி எண்ணியபோது அவர் உயிரோடிருந்தார். குருவிகள் 8 இருந்தன. இது நம் விஷயத்துக்குச் சற்றுப் புறம்பானதுதான். ஆயினும், ஒன்றுக்கும் உதவாதது போல் தோன்றும் எண்ணிக்கையை ஒருவன் ஏன் எழுதிவைக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி மாலை ஜெர்மானிய விமானங்கள் துறைகளின்மேல் குண்டு பொழிந்தன. தென்கரையின் மரக்குளங்களில் அடுக்கடுக்காய்க் கிடந்த பலகை முழுவதும் பற்றியெரிந்தது. கிடங்குகளில் ரம் பீப்பாய்கள் வெடித்தன. உருகிய சர்க்கரை நீரின்மேல் எரிந்துகொண்டே மிதந்தது. மிளகுக் கிடங்கு பற்றியபோது எழுந்த புகை தீயணைப்பவர்களின் கண்ணையும் தொண்டையையும் சுட்டது. தொடர்ந்து பல மாதங்கள் இரவுதோறும் இதே கதி. நகரின் நடுப்பகுதியில் ஏக்கர் ஏக்கராக வீடுகள் சாய்ந்து, கூரையற்ற சுவர்களும் நிலவறைப் பள்ளங்களும் மிஞ்சின.

அந்தப் பாழில் ஒரு குருவி பாடிற்று. உடல் கரியும் சாம்பலும் கலந்த நிறம், வால் மட்டும் செங்கல் சிவப்பு, ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதன் பாட்டின் நடுவே கூழாங்கற்களைக் கையில் போட்டுத் தேய்த்தாற்போல் ஒரு கரகரப்பு வரும். பிளாக் ரெட்ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதை நாம் கருஞ்செவ்வாலி என்று சொல்லிக்கொள்ளலாம். இதன் கீழ்த்திசை இனமொன்று குளிர்காலத்தில் நம் நாட்டுக்கும் வருகிறது. ஐரோப்பாவின் நடுவிலுள்ள மலைகளின் பாறைச்சரிவே இதன் பூர்விகம். இங்கிலாந்தில் பெரும்பாலும் குளிர்கால யாத்திரிகனாகவே அறியப்பட்டிருந்த இது, 1920-களில் நாட்டின் தென்கடற்கரையிலுள்ள செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டத் தொடங்கி, 1926-இல் வெம்பிளி கண்காட்சியின் பொறியியல் மாளிகையில் இடம்பிடித்து, போர்க்காலத்தில் லண்டனின் இடிபாடுகளைத் தன் மலையாகப் பாவித்துக் குடியேறியது. எட்னா எரிமலையின் சாம்பலில் முளைக்கும் ஒருவகை மஞ்சள்பூச் செடி, ஆக்ஸ்போர்டு தாவரத் தோட்டத்திலிருந்து தப்பி, ரயில் பாதையின் ஜல்லியைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரவியிருந்தது. அதுவும் எரிந்த நிலத்தில் தழைத்துப் பூச்சிகளை வளர்த்து அந்தக் குருவிக்கு உணவளித்தது. ரிச்சர்ட் ஃபிட்டர் என்பவர் 1945-இல், போர் முடிந்த அந்த ஆண்டிலேயே, லண்டனின் இயற்கைச் சரித்திரத்தை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். ஊர் இடிந்து கிடக்கும்போது அதில் எந்தக் குருவி கூடுகட்டுகிறது என்று பார்த்துக் குறித்துவைத்தது இரக்கமின்மையா, நிதானமா என்று கேட்டால், நான் நிதானம் என்றே சொல்வேன்.

இடிபாடுகள் மறைந்து புதுக்கட்டடங்கள் எழ எழ, கருஞ்செவ்வாலி மின்நிலையங்களுக்கும் எரிவாயுத் தொட்டிகளுக்கும் துறைமுகக் கிடங்குகளுக்கும் ஒதுங்கிற்று. பிரிட்டன் முழுவதிலும் கூடுகட்டும் ஜோடிகள் நூற்றுக்கும் குறைவு என்பதால் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விசேஷப் பாதுகாப்பு அளித்தது. குளிர்காலத்தில் ஒற்றையாக ஒரு கருஞ்செவ்வாலி பாழ்ங்கிடங்கின் கூரைவிளிம்பில் வாலை நடுக்கிக்கொண்டு நின்றால், அன்றைக்கு அந்தத் துறையில் நின்றவனுக்கு அதுவே போதும்.

நதியின் கதை இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் வீசிய நாற்றத்தில் பார்லிமென்டே மூக்கைப் பொத்திக்கொண்டபின், பாஸல்ஜெட் என்னும் பொறியாளர் நகரத்துக் கழிவுநீரையெல்லாம் கிழக்கே கொண்டுசென்று பெக்டனிலும் கிராஸ்நெஸ்ஸிலும் நதியில் சேர்க்கும் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். நகரம் தப்பியது, துறைகள் இருந்த பகுதி அகப்பட்டுக்கொண்டது. ஜனத்தொகை பெருகி, போரில் சாக்கடைகள் சேதமடைந்து, புதிய சோப்புத்தூள்களின் நுரையும் சேர்ந்தபின், நீரில் பிராணவாயுவே அற்றுப்போயிற்று. 1957-இல் இயற்கைச் சரித்திர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் வீலர், கியூவிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை நதியில் நிலையாக வாழும் மீனே இல்லையென்று கண்டார். விலாங்கு ஒன்றுதான் விலக்கு. பிறகு விழித்துக்கொண்டு, கிராஸ்நெஸ் சுத்திகரிப்பு நிலையத்தை 1960-களிலும் பெக்டனை 1970-களிலும் புதுப்பித்தார்கள். 1974-இல் மேற்குத் துராக் மின்நிலையம் குளிர்விப்பதற்காக உறிஞ்சிய நீரின் சல்லடையில் ஒரு சால்மன் மீன் அகப்பட்டது. ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப்பின் அந்த நதி கண்ட முதல் சால்மன் அது.

அந்தச் சால்மனுக்கு முன்பே பறவைகள் வந்துவிட்டன. 1960-களின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி, உல்விச்சுக்குக் கீழே, இரு சாக்கடை வாயில்களையும் சுற்றியுள்ள சேற்றுக்கரைகளில், செந்தலையுடைய போச்சார்ட் தாராக்களும், கொண்டைத் தாராக்களும், ஊசிவால் தாராக்களும், டன்லின் என்னும் சிறு உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் குளிர்காலம் கழிக்கத் தொடங்கின. மருத்துவரான ஜெஃப்ரி ஹாரிசனும், பின்னால் கடற்காகங்களை இனம்பிரிப்பதில் பெரும்பெயர் பெற்ற பீட்டர் கிராண்டும் சேர்ந்து இந்த மறுமலர்ச்சியை எண்ணியெண்ணி எழுதி 1976-இல் நூலாக்கினார்கள். தேம்ஸ் திருந்திவிட்டது என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்தத் தாராக்கள் தின்றது என்ன என்று பார்த்தால் சங்கடமான விடை கிடைக்கிறது. ட்யூபிஃபெக்ஸ் என்ற சிவப்புச் சேற்றுப்புழு, வேறெந்தப் பிராணியும் பிழைக்கமுடியாத கழிவுச் சேற்றில் கோடிக்கணக்கில் செழிப்பது. அதைத் தின்னவே அவை கூடின. நதி முழுக்க மாசுபட்டிருந்தபோது புழுவும் அரிது, பறவையும் இல்லை. பாதி திருந்தியபோது புழுவும் பறவையும் பெருகின. நன்றாகத் திருந்தியதும் புழு குறைந்தது, தாராக் கூட்டமும் குறைந்தது. பறவையை நதியின் நலத்துக்கு அளவுகோலாக வைத்துப் பேசும் நல்லவர்கள் இந்த அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

சேற்றுக்கரை பறவைகளால் நிறைந்த அதே ஆண்டுகளில் கப்பற்குளங்கள் காலியாயின. சரக்கை இரும்புப்பெட்டியில் அடைத்துப் பெருங்கப்பலில் அனுப்பும் முறை வந்தது. அந்தக் கப்பல்கள் நுழைய இந்த மடைவாயில்கள் போதவில்லை. வியாபாரம் கீழே டில்பரிக்குப் போய்விட்டது. கிழக்கிந்தியக் குளம் 1967-இல் மூடிற்று. செயின்ட் காதரீனும் லண்டன் குளமும் அடுத்தடுத்து. தென்கரை மரக்குளங்கள் 1970-இல். நாய்த்தீவுக் குளங்கள் 1980-இல். ராயல் குளங்கள் 1981-இல். பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு 14 ஆண்டுகளில் போயிற்று. பறவைகளைப் பற்றி எழுதும்போது இந்த வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது.

குளங்களில் பல தூர்க்கப்பட்டன. தூர்த்த மண்ணில் புல்லும் முள்ளும் வளர்ந்தன. காவற்காரன் இல்லாத வாயிலில் யாரும் நுழையலாம் என்ற நிலை ஏற்பட்டது; தடுப்பின் ஓட்டையில் தலைகுனிந்து புகுந்தவர்களில் பள்ளிப்பிள்ளைகளும் இருந்தார்கள், பறவை பார்ப்பவர்களும் இருந்தார்கள். ஆடிக் காற்றுக்கும் மார்கழிப் பனிக்கும் ஆளற்றுக் கிடந்த அந்தத் தரிசுகளில் கரடுமுரடான ஜல்லியை விரும்பும் உப்புக்கொத்திகள் முட்டையிட்டன. விதைக்காக வடதிசைச் சிறு குருவிகள் குளிர்காலத்தில் திரண்டன. கோபுரப்பாலத்தின் அருகே லாரி நிறுத்திய ஒரு காலி மனையில், முன்னே சொன்ன மாக்ஸ் நிக்கல்சனின் முயற்சியால், 1977-இல் தாவர அறிஞர் வில்லியம் கர்டிஸ் பெயரால் ஒரு சிறு இயற்கைப் பூங்கா உண்டாக்கப்பட்டது. நகரத்துப் பாழ்மனையையே பள்ளிக்கூடமாக்கலாம் என்று பிரிட்டனில் முதன்முதல் காட்டியது அதுதான். நிலத்துக்கு விலை ஏறியதும் 1985-இல் அதை மூடிவிட்டார்கள். அதன் வாரிசாக மரக்குளங்களைத் தூர்த்த மேட்டருகே ஸ்டேவ் ஹில் பூங்கா தோன்றிற்று.

இனி அந்த வெள்ளைத் தாராவுக்கு வருவோம். ஸ்மியூ என்று பெயர். ஆண் பறவை பளிங்கை இழைத்துச் செய்து, மெல்லிய மைக்கோடுகள் இரண்டொன்று இழுத்தாற்போலிருக்கும். பின்லாந்திலும் ரஷ்யாவின் வடபகுதியிலும் உள்ள காடுகளில், பெரிய மரங்கொத்தி குடைந்துவிட்டுப்போன பொந்துகளில் முட்டையிடுகிறது. குளிர்காலத்தில் இது வேண்டுமளவுக்கு மேல் ஓரடியும் பிரயாணம் செய்யாது. பால்டிக் உறைந்தால் ஹாலந்து நாட்டு ஏரிகளுக்கு வரும். அவையும் உறைந்தால்தான் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வரும். வந்தவுடனும் கப்பற்குளத்தைத் தேடுவதில்லை. லண்டனுக்கு மேற்கிலும் வடக்கிலும் குடிநீருக்காக வெட்டிய பெரிய நீர்த்தேக்கங்கள், ஸ்டெய்ன்ஸிலும் லீ பள்ளத்தாக்கிலும் உள்ளவை, அதற்குப் பிரியமானவை. அவையும் உறைந்துவிட்ட பிறகுதான் ஓதம் புரளும் நதிக்கும் அதையொட்டிய துறைகளுக்கும் இறங்கும். லண்டன் நடுவே தேம்ஸ் கடைசியாக 1814-இல்தான் மனிதன் நடக்கும்படி உறைந்தது. நெருக்கமான தூண்களால் நீரோட்டத்தை மறித்த பழைய பாலத்தை 1831-இல் இடித்தபின் உறைவதற்கு வழியே இல்லாமல் போயிற்று. ஆகவே நாலு சீமைகளின் நீர் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லாகும்போது, கடைசியில் மிஞ்சும் திறந்த நீர் இதுதான். 1740-க்குப்பின் மத்திய இங்கிலாந்து கண்ட மிகக் கடிய குளிர்காலமான 1962-63 போன்ற பருவங்களில் நதி ஓர் அடைக்கலமாயிற்று. புயல் அடித்தால் வேறுவிதமான விருந்தாளிகள்: கடலில் ஆழமூழ்கி மீன்பிடிக்கும் டைவர் பறவை, கடற்பாறைகளை விட்டகலாத ஷேக் என்னும் நீர்க்காகம். இவை திசைதப்பி ராயல் குளங்களின் ஆழ்ந்த நீரில் சில நாள் தங்கி, சுவரோரத்தில் நிற்பவர்களுக்குப் பத்தடியில் தரிசனம் கொடுத்துவிட்டுப் போகும்.

இப்போது குளிர்காலங்கள் மிதமாகிவிட்டன. பால்டிக் கரைகளிலேயே திறந்த நீர் மிஞ்சுவதால், ஸ்மியூ அங்கேயே நின்றுவிடுகிறது. லண்டன் வட்டத்துக்குள் அதன் வரவு ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது.

துறைகளைப் புதுப்பிப்பதற்கென்று 1981-இல் அரசாங்கம் ஏற்படுத்திய ஸ்தாபனம் பத்தாண்டுக்குள் அந்தப் பிரதேசத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது. சர்க்கரைக் கிடங்குகளின் அருகே வங்கிகளின் கோபுரங்கள் எழுந்தன. ராயல் குளங்கள் இரண்டின் நடுவே, கப்பல் அணைந்த மேடையில், 1987-இல் விமானதளம் திறந்தது. பறவைக்கூட்டம் வேண்டாத இடமாக அந்த நீர்ப்பரப்பு ஆகிவிட்டது. கம்பெனிக் கப்பல்களின் கிழக்கிந்தியக் குளத்திலோ வாயிற்குளம் ஒன்றுதான் மிஞ்சிற்று. தூர்வாராமல் விட்டதில் வண்டல் படிந்து, நாணல் முளைத்து, இன்று அது பறவைச் சரணாலயமாக இருக்கிறது. மிளகு மூட்டை இறங்கிய படித்துறைக்கருகே குளிர்காலத்தில் கிளுவைகள் சேற்றைச் சலித்துக்கொண்டிருக்கின்றன, மீன்கொத்தி வருகிறது, கோடையில் ஆலாக்களுக்காக மிதவை கட்டியிருக்கிறார்கள். டெட்ஃபோர்டு ஓடைக்கரையில் 2003-இல் திறந்த லாபன் நடனப்பள்ளியின் கூரைமேல், உடைந்த செங்கல்லும் ஜல்லியும் பரப்பி, கருஞ்செவ்வாலிக்காகவே ஒரு சிறு பாழைத் தயாரித்து வைத்தார்கள். குண்டுபோட்டு உண்டான பாழைக் கட்டடக்கலைஞர் திட்டம்போட்டு உண்டாக்கும் காலம் வந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. ஆனால் செய்தது நல்ல காரியம்.

அபூர்வத்தைத் தேடுபவர்களின் பார்வை இப்போது மறுபடியும் கடற்காகங்களின்மேல் திரும்பியிருக்கிறது. ஒரே ஜாதி என்று முன்பு எண்ணியிருந்த பெரிய கடற்காகங்களைப் பிரித்துப் பார்த்ததில், கருங்கடல், காஸ்பியன் பக்கங்களிலிருந்து போலந்து வழியாக மேற்கே பரவிவரும் காஸ்பியன் கடற்காகம் தனி ஜாதியாகிவிட்டது. நீண்ட அலகு, சிறிய கருங்கண், ஒட்டகம் போன்ற ஓர் அலட்சிய நடை. ராதர்ஹைத் கரையிலும் வெள்ளத்தடுப்புக் கதவின் அருகேயும் ரொட்டியை எறிந்து கூட்டத்தைக் கூட்டி, அதற்குள் அந்த ஒன்றைத் தேடுகிறார்கள். நூறாண்டுக்கு முன் பசித்த பறவைக்கென்று எறிந்த ரொட்டி இன்று பார்ப்பவனின் தூண்டிலாகியிருக்கிறது. காலில் இப்போது உலோக வளையத்தோடு, தூரத்திலிருந்தே படிக்கும்படி எழுத்தும் எண்ணும் பொறித்த வர்ண வளையமும் பூட்டுகிறார்கள். அதைப் படித்து அனுப்பினால், எந்த நாட்டில், எந்தக் கோடையில், எந்த நதித்தீவில் அது குஞ்சாக இருந்தபோது யார் பிடித்துப் பூட்டினார்கள் என்று விடை வரும். ஓதம் இறங்கிய சேற்றில் கடற்காகம் ஒற்றைக்காலில் நிற்கும். வளையம் மடக்கிய காலில் இருக்கும். அரைமணி நேரம் காத்திருந்தபின் அது காலை ஊன்றும். மூன்று எழுத்துகள் தெளிவாகத் தெரிந்து, நாலாவது பி-யா, எட்டா என்று விறைத்த விரல்களால் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஓதம் திரும்பி நீர் ஏறத் தொடங்கிவிடும்.